டெக்சாஸில் கைத்துப்பாக்கி: லைசென்ஸ், விசா, கைப்பை பற்றிய கேள்வி பதில்

டாலஸ் வட்டாரத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். துப்பாக்கியை மறைத்தோ வெளியே தெரியவோ எடுத்துச்செல்ல டெக்சாஸ் தரும் லைசென்ஸுக்கு எல்டிசி என்று பெயர். கொடுப்பது டிபிஎஸ் எனப்படும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. விசா தொடர்பானதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, 2021லேயே லைசென்ஸ் வேண்டாம்னு சட்டம் வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு வகுப்பு, பரீட்சை எல்லாம்? (கேட்டி, கிரீன் கார்டு)

சட்டம் வந்தது உண்மைதான். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துப்போகலாம். வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்க வேண்டும். ஆனால் அது டெக்சாஸ் சட்டம் மட்டுமே. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஃபெடரல் சட்டம் ஒன்று இருக்கிறது. குண்டுகளை எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் விலக்கு உண்டு. தனியார் இடத்துக்குள் விலக்கு உண்டு. அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தாலும் விலக்கு உண்டு. வீட்டிலிருந்து ஹைவே ஏறும்வரை வழியில் எத்தனை பள்ளி என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நம்மவர்கள் வீடு வாங்குவதே நல்ல ஸ்கூல் பார்த்துத்தான். 40 டாலர் கட்டணத்துக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன். ஒக்லஹோமா, லூசியானா, நியூ மெக்சிகோ போன்ற பக்கத்து மாநிலங்களும் நம் லைசென்ஸை ஏற்கின்றன.

நான் ஹெச்-1பி. வேட்டை லைசென்ஸ் எடுத்தா துப்பாக்கி வாங்கலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். நிஜமா மேடம்? (ஃபிரிஸ்கோ)

தம்பி, இதை நிதானமாகப் படியுங்கள். ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1, பி-2 என எந்தத் தற்காலிக விசாவில் வந்தவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் ஃபெடரல் சட்டத்தின் பொது விதி. மீறினால் 15 ஆண்டுவரை சிறை. அதோடு முடியாது, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தவும் சட்டத்தில் வழி இருக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகும் அந்த ஆபத்து உண்டு.

வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு இருப்பது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் அது காலாவதியாகும் ஒரு காகிதம். புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் இருக்கும் துப்பாக்கி மறுநாள் காலையில் குற்றப்பொருளாகிவிடும். கிரீன் கார்டுக்காகப் பத்து வருஷமாக வரிசையில் நிற்கிற ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை அந்தத் தேதியில் தொங்கவிடாதீர்கள். கிரீன் கார்டு கைக்கு வரட்டும். அதுவரை வீட்டுக்கு நல்ல பூட்டும் அலாரமும் போடுங்கள்.

ஊர்லேர்ந்து அப்பா வந்திருக்கார். ரிட்டயர்டு போலீஸ். ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு ரவுண்டு சுடச் சொல்லலாமா? (ஆஸ்டின்)

வேண்டாம் அம்மா. ஆசை புரிகிறது, அவர் கையில் எத்தனை வருஷம் இருந்த ஆயுதம்! ஆனால் இங்கே அவர் பி-2 விசாவில் வந்தவர். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் அது வந்துவிடும். வீட்டில் உங்கள் துப்பாக்கி இருந்தால் அவர் தங்கும் நாட்களில் பெட்டகத்தின் எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள்.

பரீட்சை கஷ்டமா? நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு ரேஞ்சில் 50 ரவுண்டு. 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், தேறியது திறமைக்குச் சான்று ஆகாது. நின்ற இடத்தில், நகராத காகிதத்தைச் சுட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போக முடியாதவர் இடுப்பில் துப்பாக்கியோடு கடைகண்ணிக்குப் போக வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. முதல் லைசென்ஸ் 4 வருஷத்துக்குச் செல்லும், புதுப்பித்தால் 5.

கைப்பையில் வைக்கலாமா அக்கா? புடவை, சுடிதாரில் இடுப்பில் கட்ட வழியில்லை.

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். ஒருமுறை வகுப்புக்கு வந்த ஒரு சகோதரி பேனா தேடிப் பையைத் துழாவினார். சாவிக்கொத்து, பிஸ்கட் பாக்கெட், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வந்தது. அடியில் துப்பாக்கி, உறையில்லாமல், குண்டு ஏற்றியபடி. ட்ரிகர் வளையத்துக்குள் லிப்ஸ்டிக் மூடி ஒன்று சிக்கியிருந்தது. யாரும் பேசவில்லை. அதை நான் எடுத்துக் குண்டை இறக்கும்போது எனக்கே கை நடுங்கியது. அவருடைய மகளுக்கு மூன்று வயது.

பையில் வைப்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் அதற்கென்றே தனி அறை, ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர், ஜிப் மூன்றும் வேண்டும். அந்த அறையில் வேறு ஒரு பொருளும் கூடாது. பிறந்தநாள் விழாவில் கட்டில்மேல் குவித்துப் போடும் பைகளோடு அது ஒருநாளும் போகக் கூடாது. 17 வயதுக்குக் கீழுள்ள குழந்தை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைப்பது டெக்சாஸில் தனிக் குற்றம். குழந்தை அதைச் சுட்டு உயிர் போனால் தண்டனை இன்னும் கடுமை. தோளில் பையைச் சுமந்தே இருக்க முடியாத நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

கோயில், ஓட்டல் வாசலில் 30.06, 30.07னு எழுதியிருக்கே, என்ன அர்த்தம்?

தண்டனைச் சட்டப் பிரிவு எண்கள் அவை. 30.06 என்றால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்து எடுத்துவரக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியும்படி கூடாது. லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு 30.05. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. வழிபாட்டுத் தலங்களுக்கும் 2019 முதல் இதே முறைதான். பலகை இல்லாவிட்டாலும் நிர்வாகி வந்து வாயால் சொன்னால் உடனே வெளியேறுங்கள். சிவப்பில் பெரிதாக 51% என்று போட்டிருந்தால் மது விற்பனையே பிரதான வருமானமான இடம். அங்கே துப்பாக்கியோடு நுழையவே கூடாது. பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, பயோமெட்ரிக்ஸ் கொடுக்கப் போகும் குடியேற்ற அலுவலகம் எல்லாம் பலகையைத் தேடாமலே தவிர்க்க வேண்டியவை.

நியூ ஜெர்சியில் தங்கை வீட்டுக்குக் காரில் போறோம். எல்டிசி அங்கே செல்லுமா?

செல்லாது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில், தனிக் காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற நியூயார்க் விதியை ரத்து செய்தது. நியூ ஜெர்சியும் அத்தகைய நிபந்தனையைக் கைவிட்டது. அதனால் மற்ற மாநில லைசென்ஸ் அங்கே செல்லும் என்று ஆகிவிடவில்லை. முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடு. நீங்கள் டெக்சாஸில் தினமும் போடுவது அநேகமாக அதுதான். இந்தப் பயணத்துக்குத் துப்பாக்கியை வீட்டில் விட்டுப் போங்கள்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால்?

இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது டிரைவிங் லைசென்ஸோடு எல்டிசியையும் சேர்த்துக் காட்டுவது சட்டப்படி உங்கள் கடமை. இன்சூரன்ஸ் காகிதமும் துப்பாக்கியும் ஒரே டேஷ்போர்டு அறையில் இருந்தால் இன்றைக்கே காகிதத்தை இடம் மாற்றுங்கள். அதை எடுக்க அந்த அறையைத் திறக்கும்போது அதிகாரி கண்ணில் முதலில் படுவது துப்பாக்கியாக இருக்கக் கூடாது.