ஒரிஜினலா, டுப்ளிகேட்டா?

கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கொழும்பில் ஒரு தனியார் வங்கியில் வேலை செய்கிறேன். வீடு வெள்ளவத்தையில். போன மாதம் பம்பலப்பிட்டியில் எங்கள் உறவில் ஒரு திருமணம் நடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து தூரத்து உறவான பெண்ணொருத்தி தாயோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அவள் கையில் எழுத்தும் பூவும் போட்ட லூயி வுய்ட்டோன் பை. கனடாவில் இருக்கும் அண்ணன் கொடுத்ததாம்.

படம் எடுக்கும் நேரத்தில் பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் தந்தாள். திறந்து பார்த்தேன். ஸ்பெயினில் தயாரிக்கப்பட்டது என்று உள்ளே இருந்தது. பிரெஞ்சுக் கம்பனியின் பையில் அப்படி இருக்குமா? பையின் உடம்பு தோலே இல்லை, ரெக்சின் மாதிரி இருந்தது. கைப்பிடியும் கறுத்துப் போயிருந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் அன்ரிமார், "உமக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, ஒரிஜினலா டுப்ளிகேட்டா?" என்று கேட்டார்கள். டுப்ளிகேட் என்றேன்.

அது அவள் காதுக்குப் போய்விட்டது. இப்போது என் அழைப்புகளை அவள் எடுப்பதில்லை. நான் பொய் சொல்லவில்லையே, அக்கா? போலியை வைத்துப் பெருமை காட்டுகிறவர்களைச் சுட்டிக்காட்டுவது தவறா?

இன்னொன்று. தெரிந்தவர் மூலம் இதே கம்பனியின் பழைய பை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
வெள்ளவத்தை

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பையைப் பற்றியே பேசுவோம். நீங்கள் சொன்னது உண்மை என்ற நம்பிக்கையில்தான் உங்கள் கேள்வி முழுவதும் நிற்கிறது. ஆனால் நீங்கள் கண்ட மூன்று அடையாளங்களில் ஒன்றுகூட அந்தப் பை போலி என்று காட்டவில்லை.

லூயி வுய்ட்டோன் பைகள் பிரான்சில் மட்டும் தைக்கப்படுவதில்லை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அந்தக் கம்பனிக்குப் பட்டறைகள் இருக்கின்றன. எழுத்தும் பூவும் போட்ட அந்தப் புகழ்பெற்ற பையின் உடம்பு தோலே அல்ல, மேலே பூச்சுப் பூசிய பருத்திக் கன்வஸ் துணி. ரெக்சின் மாதிரி தோன்றுவது அதன் இயல்பு. கைப்பிடிதான் தோல், அதுவும் சாயமோ மேற்பூச்சோ இல்லாத மாட்டுத்தோல். புதிதில் வெளிறியிருக்கும். வெயிலும் கை வியர்வையும் எண்ணெயும் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்து, பிறகு பழுப்பேறிக் கறுக்கும். கொழும்பு வெக்கையில் பல வருடம் தூக்கித் திரிந்த கைப்பிடி வெளுப்பாகவே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதனால் அந்தப் பை அசல் என்று நான் சொல்ல வரவில்லை. கடிதத்தை வைத்து என்னால் அதைச் சொல்ல முடியாது. படம் எடுக்கும் நேரத்தில் திறந்து பார்த்து உங்களாலும் முடியாது. இன்றைய பிரதிகளில் நல்லவை மிக நல்லவை. தையல், அச்சு, உலோகப் பூட்டு, உள்ளே வைத்த மின்னணுச் சிப் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மறுவிற்பனை நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். அப்படி இருந்தும், போலிகளை விற்றதாக த ரியல்ரியல் என்ற அமெரிக்க மறுவிற்பனை நிறுவனத்தின் மீது ஷனெல் என்ற பிரெஞ்சு ஆடம்பரக் கம்பனி 2018இல் வழக்குப் போட்டது. பிரதி எடுப்பவர்களோடு நடக்கும் போராட்டமும் புதியதல்ல. லூயி வுய்ட்டோன் 1888இல் கொண்டுவந்த கட்டம் போட்ட துணியில், இது பதிவு செய்யப்பட்ட அடையாளம் என்று கட்டங்களுக்குள்ளேயே எழுதியிருந்தார்கள். 1896இல் எழுத்தும் பூவும் சேர்ந்த கோலத்தை நிறுவனர் லூயியின் மகன் ஜோர்ஜ் உருவாக்கியதற்கு, பிரதி எடுப்பவர்களின் தொல்லை ஒரு முக்கியக் காரணம். உலகத்திலேயே அதிகம் பிரதி எடுக்கப்படும் கோலங்களில் ஒன்றாக அதுவே ஆகிவிட்டது.

இனி, உங்கள் கடிதத்தை நீங்களே மறுபடி வாசித்துப் பாருங்கள். அந்தப் பெண் வந்தது பஸ்ஸில். வந்தது கொட்டாஞ்சேனையிலிருந்து. தகப்பனார் கடையில் கணக்கு எழுதுகிறவர். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் பையைச் சொல்கிறீர்கள். பையைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பெயினையும் ரெக்சினையும் கைப்பிடியையும் தேடி எடுத்தது அதற்குப் பிறகு. கறுவாத்தோட்டத்திலிருந்து காரில் வந்த ஒரு டொக்டரின் மனைவி, கைப்பிடி கறுத்த இதே பையோடு வந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நெடுநாளாக வைத்திருக்கிறார் போல என்றுதான். அந்த மேசையில் யாரும் உங்களிடம் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஒரே கறை ஒருத்திக்குப் பழைய செல்வத்தின் அடையாளம், மற்றவளுக்குக் களவின் அடையாளம். என்னைக் கோபப்படுத்துவது இதுதான், தங்கை. பெறுமதி பார்க்கப்பட்டது பைக்கு அல்ல, அதைத் தூக்கி வந்தவளுக்கு.

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் பைகளோடு தொடங்கவில்லை. தங்கமா கவரிங்கா என்று கழுத்துகளை நோட்டம் விட்ட கண்கள்தான் இப்போது கைகளுக்கு இறங்கியிருக்கின்றன. பஸ்ஸில் சங்கிலி அறுப்பார்கள் என்ற பயத்தில் கவரிங் போட்டவர்கள் இருக்கிறார்கள். 2022 நெருக்கடியில் நகையை அடகு வைத்துவிட்டு, மகளின் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று கவரிங் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். செட்டியார் தெருவில் பத்தர் உரைகல்லை எடுப்பது, சொந்தக்காரி தானே கழற்றிக் கொடுத்து விலை கேட்கும்போது மட்டும். மண்டபத்துக்கு வந்து அவர் யாருடைய சங்கிலியையும் உரைத்துப் பார்ப்பதில்லை.

கொழும்பில் வாழ்கிற நமக்கு இந்த விஷயத்தில் கூடுதல் தெளிவு இருக்க வேண்டும். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்திலிருந்து, வெளிநாட்டுப் பெரிய பெயர்களுக்கான ஆடைகளை நம் நாட்டுப் பெண்கள் தைக்கிறார்கள். ஏற்றுமதியில் மிஞ்சியதும் சிறு பழுது கண்டு ஒதுக்கப்பட்டதும் லேபல் வெட்டப்பட்டு நம் கடைகளுக்கு வருகின்றன. அசல் சட்டையை அசல் என்று காட்ட ஒரு துண்டு நூல்கூட இல்லாமல் நாம் எல்லோரும் அணிந்து திரிகிறோம். யாராவது நம்மை நிறுத்தி ஆதாரம் கேட்டால் என்ன சொல்வோம்?

போலியைச் சுட்டிக்காட்டக் கூடாதா என்று கேட்டீர்கள். போலி வணிகம் பெரிய தீங்கு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் கணக்குப்படி 2021இல் உலக வணிகத்தில் 467 பில்லியன் டொலர் பெறுமதியான போலிப் பொருட்கள் புழங்கின. எந்தப் பட்டறையில், எந்த வயதுக் கைகள், எந்தக் கூலிக்கு அவற்றைத் தைக்கின்றன என்று கேட்க வழியில்லை. நான் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீர்கள். ஆனால் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தேடுவது வணிக அடையாளத்தைப் போலியாக இடுகிறவனையும், அப்படிப்பட்டதை விற்கிறவனையும், விற்க வைத்திருக்கிறவனையும். உங்களுக்கு அந்த அக்கறை இருந்தால் கடைக்காரனிடம் கேளுங்கள். அண்ணன் தந்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவள் யாரை ஏமாற்றினாள்? பெருமை காட்டினாள் என்கிறீர்கள். அவள் என்ன பெருமை பேசினாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சொல்லியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. அவள் அந்தப் பையை அசல் என்று ஒருவருக்கு விற்கப் போனால் சொல்லலாம். பாரிஸில் லா சப்பல் பக்கம் உறவுகளைப் பார்க்கப் போகிறாள் என்றால் கட்டாயம் சொல்லலாம், ஏனென்றால் பிரான்சில் போலியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். சுங்கத்தில் பறித்துக்கொண்டு தண்டமும் விதிப்பார்கள். அப்போதும் அவளிடம் தனியாக, சந்தேகம் என்ற அளவில்தான் சொல்ல வேண்டும். மேசைக்குச் சொல்லக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது வேறொரு வரி. பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் உங்களிடம் தந்தாள். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் நம்பித் தந்தாள். அவள் படத்துக்கு நின்றபோது நீங்கள் உள்ளே திறந்து பார்த்தீர்கள். அவளுடைய கோபம் டுப்ளிகேட் என்ற சொல்லுக்காக மட்டும் இருக்காது.

நீங்கள் வாங்க நினைக்கும் பைக்கு வருகிறேன். அது உங்கள் காசு, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். எந்த நாட்டில், எந்தக் கடையில், எப்போது வாங்கியது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கேளுங்கள், ஆனால் அதையும் போலியாக அச்சடிப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் எழுத்தும் எண்ணும் தயாரித்த இடத்தையும் காலத்தையும் மட்டும் குறிக்கும், அதைப் பிரதி எடுப்பது மிக எளிது. 2021இலிருந்து அந்தக் குறியீட்டுக்குப் பதில் மின்னணுச் சிப் வைக்கிறார்கள், ஆகவே பழைய பையில் அந்தச் சிப் இல்லாதது குறையல்ல. இதே கம்பனியின் சாதாரணக் கைப்பைகளே புதிதாக ஆயிரம் டொலரைத் தாண்டும், நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். முப்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை, வந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் அந்த அன்ரிமாரிடம் போங்கள். நான் பார்த்த மூன்று அடையாளங்களும் பிழை, எனக்கு அந்தப் பையைப் பற்றி எதுவும் தெரியாது என்று அதே வாயால் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னால் போதாது, கேட்ட எல்லோரிடமும் சொல்ல வேண்டும். அதன் பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போங்கள். பை ஒரிஜினல்தான் போல என்று சமாதானம் சொல்லாதீர்கள், அது நீங்கள் எழுதும் இரண்டாவது தீர்ப்பு. நம்பித் தந்த பையைத் திறந்து பார்த்தேன், உம்மைப் பற்றிப் பிறரிடம் பேசினேன், மன்னியும் என்று சொல்லுங்கள். அவள் வெளியே வராவிட்டால் தாயிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தகப்பனார் வீட்டில் இருந்தால் அவரிடமும்.

அன்புடன்,
அக்கா