கார்னர்வன் பிரபுவின் கணக்கு

கேள்வி: எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தவர் ஹவார்ட் கார்ட்டர். பிறகு ஏன் கார்னர்வன் பிரபு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்? அவர் காசு கொடுத்தவர் மட்டும்தானே?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். உங்களுடைய அந்த 'மட்டும்' கொஞ்சம் உறுத்துகிறது, தங்கச்சி.

மோட்டார் கார் விபத்தில் அடிபட்டு, இங்கிலாந்துக் குளிர் தாங்காமல் எகிப்துக்குப் போனவர் கார்னர்வன். கையில் மனைவி அல்மினாவின் சீதனம் இருந்தது. கொடுத்தவர் ஆல்ஃபிரட் டி ரோத்சைல்ட் என்ற வங்கிக்காரர். பொழுதுபோக்காகத் தோண்டினார். முதல் தடவை அகப்பட்டது ஒரு பூனை மம்மி! அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்த கார்ட்டரைச் சேர்த்துக்கொண்டார்.

எகிப்திய மன்னர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் தோண்டும் அனுமதி அப்போது தியடோர் டேவிஸ் என்ற அமெரிக்கப் பணக்காரரிடம். இனி அங்கே ஒன்றுமில்லை என்று அவர் 1914இல் விட்டுப்போனதைத்தான் கார்னர்வன் வாங்கினார். நான் கணக்கெழுதிய முதலாளி வாங்கியிருக்கவே மாட்டார். உலகப் போரால் தடைப்பட்டு, 1917 முதல் மும்முரமாகத் தோண்டியும் வரவுப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமைதான். 1922 கோடையில் போதும் என்றார். கடைசியாக ஒரு பருவம், செலவு என்னுடையது என்று கார்ட்டர் கேட்க, பிரபு மனமிரங்கித் தானே கொடுத்தார். நவம்பர் 4இல் முதல் படிக்கட்டு தெரிந்தது.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். கார்ட்டர் உள்ளே போகவில்லை. படிகளைத் திரும்ப மண்போட்டு மூடிவிட்டு, தந்தி அடித்துக் காத்திருந்தார். மகள் ஈவ்லினோடு கார்னர்வன் லக்சர் வந்து சேர்ந்தது 23ஆம் திகதி. எங்கள் கடையிலும் அப்படித்தான், முதலாளி வராமல் பெட்டகம் திறக்காது.

ஒரு காரியம் மட்டும் பிழை என்பேன். 1923 ஜனவரியில், செய்தி முழுவதையும் லண்டன் டைம்ஸுக்கு 5,000 ஸ்டெர்லிங்குக்கு விற்றார். லாபத்தில் பங்கு வேறு. தன் மண்ணில் கிடைத்ததை எகிப்தியர் லண்டன் பத்திரிகை வழியாக அறிவதா? அங்கே கோபம் வந்தது நியாயம்தான்.

சரி, அவருக்கு என்ன மிஞ்சியது? உள் சவப்பெட்டி மட்டும் சுமார் 110 கிலோ தங்கம். பவுணுக்கு 8 கிராம் என்றால் 13,750 பவுண்! அதைத் திறந்தது 1925இல். அவர் இறந்தது 1923 ஏப்ரல் 5. கல்லறைப் பொருள்கள் எகிப்துக்கே போயின. செலவுக்கென்று குடும்பத்துக்கு 1930இல் எகிப்திய அரசு கொடுத்தது ஏறத்தாழ 36,000 ஸ்டெர்லிங்.

கேள்வி: அவரைக் கொன்றது மம்மியின் சாபமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: நுளம்பு. கடித்த இடத்தில் சவரக்கத்தி பட்டுப் புண்ணாகி, விஷம் ஏறி, நிமோனியாவும் சேர்ந்தது. அந்தக் கல்லறையோடு பத்து வருடம் மாரடித்த கார்ட்டர் 1939 வரை இருந்தார்.