மெயில் சர்வரை ஆபீசுக்கே கொண்டுவரலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்காக ஒரு கூட்டமைப்பு நடத்துகிறோம். 18 பேருக்கு எங்கள் டொமைனில் மெயில் ஐடி இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டுவது கையைக் கடிக்கிறது. ஆபீசில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரிலேயே சொந்தமாக மெயில் சர்வர் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் கம்ப்யூட்டர் தம்பி. செய்யலாமா?
— செயலாளர், கடலூர்

பதில்: போட்டால் ஓடும். லினக்ஸ் ஏற்றி, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட் இரண்டையும் நிறுவினால் 18 பேரின் மெயிலைப் பழைய கம்ப்யூட்டரே தாங்கும், மென்பொருளுக்கும் காசு கிடையாது. ஆனாலும் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

உங்களுக்கு வரும் மெயிலை வாங்கி வைப்பது சுலபம். நீங்கள் அனுப்புவது எதிராளியின் இன்பாக்ஸில் போய் விழுவதுதான் பெரும்பாடு. சாதாரண ஃபைபர் இணைப்பில் ஐபி எண் (இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி) மாறிக்கொண்டே இருக்கும், இணைப்பு தரும் பல நிறுவனங்கள் சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வழியான போர்ட் 25-ஐயே அடைத்து வைத்திருக்கும், ஸ்பாம்ஹாஸ் மாதிரியான தடுப்புப் பட்டியல்களில் அந்த வகை எண்கள் மொத்தமாக ஏறியிருக்கும். ஆகவே ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத எண், வாங்க வேண்டும், அதற்கு மாத வாடகை தனி. அப்புறம் ரிவர்ஸ் டிஎன்எஸ். மெயிலை வாங்கும் சர்வர் உங்கள் ஐபி எண்ணுக்கு என்ன பெயர் என்று விசாரிக்கும், கிடைத்த பெயர் திரும்ப அதே எண்ணைக் காட்டுகிறதா என்றும் பார்க்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஜிமெயில் போன்றவை மெயிலைத் திருப்பிவிடும் அல்லது ஸ்பாமில் தள்ளும். இதை டொமைன் பேனலில் நீங்களே மாற்ற முடியாது, இணைப்பு தருபவர்தான் வைத்துத் தர வேண்டும். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றாவது இல்லாமல் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யாரும் அனுப்ப முடியாது. இரண்டையும் வைத்து, அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கையும் சேர்ப்பதே நல்லது. இத்தனையும் செய்த பிறகும் உங்கள் நிதி விண்ணப்பம் யாரோ ஒரு அதிகாரியின் ஸ்பாமில் கிடக்கலாம், அது உங்களுக்குத் தெரியக்கூட வராது.

அடுத்தது நம் ஊர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபின் கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் படுத்துவிட்டாலும் மெயில் உடனே தொலையாது; அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் விடாமல் முயன்று பார்க்கும், அதற்கப்புறம்தான் திருப்பி அனுப்பும். ஆனால் நிவாரணப் பட்டியலும் கலெக்டர் ஆபீஸ் கடிதமும் பறக்கிற அந்த நாட்களில்தான் உங்களால் ஒரு மெயிலைக்கூடத் திறக்க முடியாது. மெயில் வெளியே இருந்தால், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று போனிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்று, தம்பி நாளைக்கே சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டால் யார் பார்ப்பது? யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு கசிந்து உங்கள் சர்வர் வழியாக ராத்திரியெல்லாம் ஸ்பாம் போனால், காலையில் உங்கள் ஐபி தடுப்புப் பட்டியலில் இருக்கும்.

செலவுதான் கவலை என்றால், ஆள் கணக்கில் இல்லாமல் மெயில் சேமிக்கும் மொத்த இடத்துக்குக் கட்டணம் வாங்கும் ஹோஸ்டிங்குக்கு மாறுங்கள். டொமைன் கூட்டமைப்பின் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், தனிநபர் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தம்பியின் ஆர்வமும் வீணாக வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் மெயில்களின் நகல் இறங்குகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். இல்லை, சொந்த சர்வர்தான் என்று முடிவானால், வருவதை மட்டும் ஆபீசில் வாங்கி, போவதை, உங்களுக்காக அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவை வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்புங்கள். பாதித் தலைவலி குறையும்.

கேள்வி: வேறு ஹோஸ்டிங்குக்கு மாறினால் பழைய மெயில்கள் என்ன ஆகும்?
— வாசகி, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: தானாக வராது, நீங்கள்தான் நகர்த்த வேண்டும். பாப் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கும் பழைய வழி) முறையில் இறக்காதீர்கள், அதில் இன்பாக்ஸ் மட்டும்தான் வரும், அனுப்பியவை வராது. ஐமேப்சிங்க் என்ற கருவி ஃபோல்டரோடு அப்படியே நகலெடுக்கும், மறுபடி ஓட்டினால் விட்டுப்போனதை மட்டும் எடுக்கும். மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் ரெக்கார்டின் (உங்கள் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற டொமைன் குறிப்பு) டிடிஎல்லை (அந்தக் குறிப்பை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். எம்எக்ஸை மாற்றிய பிறகும் பழைய கணக்கை ஒரு மாதம் வைத்திருங்கள், சில மெயில்கள் அங்கேயே வந்து இறங்கும். ஐமேப்சிங்கைக் கடைசியாக ஒருமுறை ஓட்டி அவற்றையும் எடுத்துக்கொண்டு அப்புறம் பழைய கணக்கை மூடலாம்.