20 லீற்றர் தேன் 20 கிலோ இல்லை

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "வீட்டு ஆம்பிளைகள் காட்டில் எடுக்கிற தேனை 20 லீற்றர் கானில் நிரப்பி வைக்கிறோம். வாங்க வருகிற யாவாரி தராசு கொண்டுவருவதில்லை, 20 லீற்றர் என்றால் 20 கிலோதானே என்று சொல்லி 20 கிலோவுக்குக் காசு தருகிறார். இது சரியான கணக்கா?"

பிழையான கணக்கு தங்கச்சி. ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். தேன் தண்ணீரைவிடப் பாரம், நல்ல தேன் ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் கானில் இருப்பது 28 கிலோ. ஒவ்வொரு கானிலும் 8 கிலோ தேனைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். லீற்றரை 1.4 ஆல் பெருக்கினால் கிலோ, கிலோவை 1.4 ஆல் வகுத்தால் லீற்றர், இவ்வளவுதான் கணக்கு.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு லீற்றர் 920 கிராம் அளவில்தான் வரும். தேனை லீற்றரில் அளந்து கிலோவுக்குக் காசு தருகிற இதே ஆட்கள், எண்ணெய் விற்கும்போதும் லீற்றரில் அளந்து ஊற்றிவிட்டுக் கிலோ விலை எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் நட்டம் உங்களுக்கு. போத்தல் கணக்கிலும் கவனமாக இருங்கள். சாராயப் போத்தல் 750 மில்லிலீற்றர், பியர்ப் போத்தல் 625. 750 போத்தலில் தேன் 1050 கிராம் வரும், ஆகவே ஒரு போத்தலின் விலை ஒரு கிலோ விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்க வேண்டும். கழுத்துவரை நிரப்பினால் இன்னும் கூட.

என் பேச்சை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள். வெறும் போத்தலை நிறுத்து எழுதுங்கள். கழுத்தில் ஒரு கோடு போட்டு, அதுவரை தண்ணீர் விட்டு நிறுங்கள். பிறகு போத்தலை நன்றாகக் காயவைத்து அதே கோடுவரை தேன் விட்டு நிறுங்கள். இரண்டிலும் போத்தல் நிறையைக் கழித்துவிட்டு, தேன் நிறையைத் தண்ணீர் நிறையால் வகுத்தால் வருவதுதான் உங்கள் தேனின் கணக்கு. கானையும் தேன் நிரப்புமுன் வெறுமையாக நிறுத்து, அந்த எண்ணைக் கானிலேயே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் தராசு வந்த அன்றைக்குக் "கானுக்கு 2 கிலோ கழிவு" என்று அடுத்த கதை வரும்.

ஒரு விசயத்தில் மட்டும், தேன் தண்ணியாயிருக்கிறது என்று யாவாரி சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம், அதை ஒழுங்காக விளங்கிக்கொள்ளுங்கள். மழை நேரத்தில் எடுத்த தேனிலும், தேனீ மெழுகு போட்டு மூடாத தேன்வதையில் பிழிந்த தேனிலும் ஈரம் கூட. தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான தரம், நம் காட்டுத் தேன் அதைத் தாண்டுவது உண்டு. ஈரம் ஏற ஏற 1.4 என்பது 1.38, 1.37 என்று இறங்கும், புளிக்கவும் தொடங்கும். வடித்த கையோடு அளந்தாலும் நுரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஓரிரு நாள் அடங்கவிட்டு அளவுங்கள். அதற்காகப் பாரமான தேனெல்லாம் சுத்தத் தேன் என்றும் நினைக்க வேண்டாம். காய்ச்சி இறுக்கிய சீனிப் பாகும் அதே பாரத்துக்கு வரும், தண்ணீர்க் கிளாசில் விட்டால் தேனைப் போலவே அடிக்குப் போகும்.

அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் 1995 இலேயே வந்துவிட்டது, வியாபாரத் தராசுக்கு முத்திரை இருக்க வேண்டும், முறைப்பாட்டைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள நிறுவை அளவைப் பிரிவில் கொடுக்கலாம். ஆனால் தராசே இல்லாமல் வாசலில் நடக்கிற வியாபாரத்தை ஆர் வந்து பார்க்கிறது? பள்ளிக்கூடத்தில் அடர்த்திக்குச் சூத்திரம் பாடமாக்கின பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது, அந்தப் பிள்ளையின் கையில் ஒரு போத்தல் தேனைக் கொடுத்து நிறுக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தமுறை தராசோடு வரச் சொல்லுங்கள், கூட்டுறவுக் கடையிலோ அரைக்கிற ஆலையிலோ நிறுத்தாலும் சரி. தராசு இல்லை என்றால் லீற்றரை 1.4 ஆல் பெருக்கிக் கேளுங்கள். தேன் தண்ணியாயிருக்கிறது என்று அவர் இழுத்தால், மிகவும் இறக்கி 1.35 என்று வைத்தாலும் உங்கள் கான் 27 கிலோ.