ஆல்டஸின் வெர்ஜில் (1501): பக்க எண் இல்லாத நூலை மேற்கோள் காட்ட

வெனிஸ் அச்சகர் ஆல்டஸ் வெளியிட்ட, ரோமக் கவிஞர் வெர்ஜிலின் நூலை எப்படி மேற்கோள் காட்டுவது, ஒரு கட்டுரை சொன்ன இடத்தில் வரி கிடைக்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் கோப்பின் "படம் 47"ஐ அடிக்குறிப்பில் போடாதீர்கள், பாரக்குறியை, அதாவது சேர்த்து மடித்த தாள் தொகுதி (பாரம்) ஒவ்வொன்றுக்கும் அச்சகம் இட்ட குறியைப் போடுங்கள். அந்த வெனிஸ் பதிப்பில் பக்க எண்ணே அச்சிடவில்லை. உங்கள் பிரதியில் குறை ஒன்றுமில்லை.

பக்கத்தின் அடியில் ஓர் எழுத்தும் ரோமன் எண்ணும் இருக்கும். ஒரு பாரம் 8 தாள், அதாவது 16 பக்கம். குறி பாரத்தின் முதல் பாதித் தாள்களில்தான். 5 முதல் 8 வரையான தாள்களை நீங்களே எண்ண வேண்டும். எழுத்து, தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா, இந்த மூன்றும் எழுதினால் போதும்.

கட்டுரையில் சொன்ன 'ஏ 3'இல் (ஏ பாரத்தின் 3ஆம் தாள்) வெர்ஜிலின் காவியமான ஈனியட்டின் வரி இல்லை என்கிறீர்களே, அநேகமாக நீங்கள் பார்த்தது சின்ன ஏ. முதல் 7 பாரங்களுக்குச் சின்ன எழுத்து, ஈனியட்டுக்குப் பெரிய எழுத்து. அந்தக் கால அச்சகங்களின் வரிசையில் ஜே, யு, டபிள்யூ கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்: ஐ முடிந்ததும் கே வரும்.

சரிபார்க்க: முழுப் பக்கத்துக்கு 30 வரி. ஒரு தாள் தள்ளினால் 60 வரி நகர வேண்டும். நகராவிட்டால் ஸ்கேனில் ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். பிரான்ஸின் லியோன் நகர அச்சகங்கள் ஆல்டஸின் சாய்வெழுத்தை அப்படியே காப்பியடித்தன. அவர் 1503இல் எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டார். அச்சிட்ட இடமும் ஆண்டும் இல்லாத பிரதியென்றால் சந்தேகப்படுங்கள். ஆல்டஸின் அச்சக முத்திரையான நங்கூரமும் டால்ஃபினும் இருந்தால் அது பிந்தைய பதிப்பு.