கரடுமுரடான தடத்தில் பைக், குவாட் (நான்கு சக்கர பைக்) ஓட்ட எந்த பூட்ஸ் ஏற்றது?

பாதம், கணுக்கால், முன்னங்கால் எலும்பு மூன்றையும் மூடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் விறைப்பான காலணிதான் ஆஃப்ரோடு பூட்ஸ். கால் தரையில் ஊன்றியிருக்க வண்டி நகர்ந்தால் கணுக்கால் முறுக்கிக்கொள்ளும். நல்ல பூட்ஸ், கதவுக் கீலைப் போல, காலை முன்னும் பின்னும் மட்டுமே மடங்க விடும். வாங்கும் முன் இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். துணிபோல வளைந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் காலணிகளுக்கான ஐரோப்பியத் தரக்குறி இஎன் 13634 இருந்தால் நல்லது. தடித்த காலுறையோடு போட்டு நடக்கும்போது குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. குவாடில் பின்சக்கரம் காலுக்கு அருகிலேயே சுழல்வதால், வழுக்காத அடிப்பாகம் கட்டாயம். புதிதில் கியர் நெம்புகோல் காலுக்குத் தட்டுப்படாது, பழகிவிடும்.

இரும்பு முனை வைத்த தொழிற்சாலை பூட்ஸே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது விரல்களைக் காக்குமே தவிர, கணுக்கால் முறுக்கைத் தடுக்காது.