கேட்டால் காய்ச்சல் என்கிறார்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறேன். சொந்தத் தோட்டம் கிடையாது. சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்குகிறோம். மொத்தம் 38 பேர். இலையை உலர்த்தும் டிரையரைப் பார்ப்பவர் 11 வருடமாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அதிலிருந்து மாதத்தில் நாலைந்து நாள் சொல்லாமல் நின்றுவிடுகிறார். கேட்டால் தனக்குக் காய்ச்சல் என்கிறார். நல்ல வேலைக்காரர், அனுப்ப மனமில்லை. இவருக்குச் சலுகை காட்டினால் மற்றவர்களும் கேட்பார்களே?

பதில்: கேட்பார்கள். இப்போது கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார்கள், அதைவிட இது தேவலை. இவர் ஏன் காய்ச்சல் என்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பதிவேட்டில் இடமுள்ள ஒரே காரணம் அதுதான். "அம்மாவுக்குத் துணி மாற்ற ஆளில்லை" என்று ஒரு ஆண்பிள்ளை சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுங்கள். எத்தனை நாள் லீவு வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு, மணி வாரியாகத் தாளில் எழுதுங்கள். குன்னூரில் ஒரு தொழிற்சாலையில் இப்படி எழுதியபோது வந்தது இது: காலை 6 மணிக்கு அப்பாவைச் சுத்தம் செய்ய வேண்டும். மனைவி எட்டு மணிக்கு இலை பறிக்கப் போய்விடுவார், பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார ஒன்பதரை ஆகும். மாதம் ஒரு முறை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்த வீட்டிலிருந்து ரோட்டுக்கு அறுபது படி. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அந்தத் தாளில் முழு நாள் தேவைப்பட்டது மாதத்தில் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம். ஆனாலும் அவர் முழு நாள் நின்றார். காரணம், கால் மணி நேரம் தாமதமானாலும் கேட்டில் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே. இரண்டு மணி நேரத் தேவையை ஒரு நாள் ஆப்சென்ட் ஆக்கியது அந்த கேட்தான். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது ஷிப்டு. இலை சாயங்காலம் வந்து, வாடி, விடிவதற்குள் ஓட்டத் தொடங்கும் தொழில் உங்களுடையது. இரவு வேலை தவிர்க்க முடியாது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரவு டிரையர் முன்னால் நின்றுவிட்டுப் பகலில் இதைச் செய்பவர் எப்போது தூங்குவார்? தூக்கம் கெட்ட ஆளை இயந்திரத்துப் பக்கம் நிறுத்துவது ஆபத்து, இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலர் என்றால் கேட்கவே வேண்டாம். வாரம் மாறும் ஷிப்டை விட்டுவிட்டு, பகலோ இரவோ அவருக்கு எது தோதோ அதை நிலையாகக் கொடுங்கள். பனிக்காலத்தில் இலை வரத்து குறையும்போது டிரையருக்கு இன்னொருவரைப் பழக்கிவிடுங்கள். டிரையர் ஒரே ஆளை நம்பி ஓடுவது, அம்மா நன்றாக இருந்தாலும் ஆபத்துதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவென்று தனியார் துறையில் தனி விடுப்பு இல்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது, கைவிட்டால் 3 மாதச் சிறை வரை போகலாம் என்கிறது. அதற்கு வேண்டிய நேரத்தை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. இருப்பது 20 நாள் வேலைக்கு 1 நாள் என்ற சம்பள விடுப்பு. 300 நாள் வேலை செய்தவருக்கு 15 நாள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதையும் வருடத்தில் 3 தடவைக்கு மேல் எடுக்க முடியாது என்றுதான் எழுதியது. ஊருக்குப் போவது, திருவிழா இவற்றைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் முதலாளி மனம் வைத்துத் தாராளமாகக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. அந்த 15 நாளை 30 அரை நாளாக எடுக்கவிடுங்கள். உங்களுக்குப் பைசா செலவில்லை.

இதை அவருக்கு மட்டும் ரகசியமாகச் செய்யாதீர்கள். சலுகை என்று பேர் வாங்குவது ரகசியத்தால்தான். எல்லோருக்கும் பொது விதியாக ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்: மாதம் இத்தனை முறை இரண்டு மணி நேரப் பெர்மிஷன், முதல் நாளே சொல்ல வேண்டும், அவசரமென்றால் காலை இத்தனை மணிக்குள் போன். பெற்றோர் என்பதோடு மாமனார், மாமியாரையும் சேருங்கள். 38 பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. தூள் சலிக்கும் பகுதியிலும் பேக்கிங்கிலும் திடீரென்று நின்றுபோகும் பெண்களைக் கேட்டால் "வீட்டில் வேண்டாமென்கிறார்கள்" என்பார்கள். பல வீடுகளில் அதற்கு அர்த்தம், மாமியார் படுத்துவிட்டார் என்பதுதான்.

மலையில் இது இனி கூடத்தான் செய்யும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்ட வேலைக்குச் சேர்ந்தவர்களில் அன்று இளவட்டமாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. பிள்ளைகளில் பலர் திருப்பூரிலும் கோவையிலும். மலையில் தங்கிய ஒரு பிள்ளையின் தலையில்தான் எல்லாம் விழுகிறது.

உங்கள் ஆபீஸ் கிளார்க்கை ஒரு மதியம் இதற்கு ஒதுக்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிய வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். ரேஷன் கார்டில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்கள் என்றால், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. முதியோர் உதவி எண் 14567. அட்வான்ஸ் கேட்டால் கொடுங்கள், ஆனால் லீவுக் கணக்கையும் கடன் கணக்கையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

மூன்று மாதம் பாருங்கள். அப்போதும் சொல்லாமல் நின்றால், விதி இருக்கிறது, கண்டிப்பாகப் பேசலாம். தாளை ஒட்டுவதற்கு முன் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள். ஒன்பதரைக்கு வருபவரை அவர் திருப்பி அனுப்பினால், நீங்கள் போர்டில் எழுதியது அங்கேயே முடிந்துவிடும்.